பழைய ஜீப்பின் எஞ்சின்: வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?

அங்கத்தினர் கல்விப் பாடம்

பழனி மலைத்தொடரின் மேல்மலையிலும் கீழ்மலையிலும் பயிர் செய்து வாழும் அங்கத்தினருக்கு ஜீப் ஆடம்பரப் பொருளன்று. மண்வெட்டியும் கவாத்துக் கத்தியும் போல அதுவும் ஒரு தொழிற்கருவியே. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி முதலிய ஊர்களின் பூண்டும் உருளைக்கிழங்கும் காரட்டும் தோட்டத்திலிருந்து தார்ச்சாலைக்கு வந்து சேர வேண்டும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறைப் பக்கங்களின் காப்பியும் மிளகும் மலைவாழையும் சௌசௌவும் சேற்றையும் பாறையையும் கடந்து கீழே இறங்க வேண்டும். இரவு நேரத்தில் பிரசவ வலி கண்ட பெண்ணையும் அதே வண்டிதான் ஏற்றிச் செல்கிறது. ஆகவே ஜீப் நின்றுபோனால் ஒரு குடும்பத்தின் வருவாய் மட்டுமன்று, சில சமயங்களில் ஓர் ஊரின் கால்களே நின்றுபோகின்றன.

இவ்வளவு முக்கியமான கருவி பழுதானால் அதைப் பற்றிய முடிவும் நிதானமாக எடுக்கப்பட வேண்டும் அன்றோ? ஆனால் நடப்பது வேறு. சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் நாம் கடன் மனுக்களைப் புரட்டும்போது, "எஞ்சின் கெட்டுவிட்டது, வேறு எஞ்சின் போடக் கடன் வேண்டும்" என்ற ஒற்றை வரியையே பெரும்பாலும் காண்கிறோம். எப்படிக் கெட்டது, யார் அளந்து பார்த்தார், வேறு வழி உண்டா, வண்டி ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பன போன்ற விவரங்கள் அவற்றில் இல்லை. ஒருசாரார், "பழைய எஞ்சினுக்குச் செலவழிப்பது ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவது" என்கின்றனர். மற்றொரு சாரார், "பழைய இரும்பு போல வருமா?" என்று எதையும் மாற்ற மறுக்கின்றனர். இரண்டும் அபிப்பிராயங்களே, கணக்குகள் அல்ல. எஞ்சினின் வயதைக் கொண்டோ புகையைக் கொண்டோ முடிவு கட்டாமல், அளவையும் வேலையையும் கொண்டு முடிவு கட்ட வேண்டும் என்பதே இப்பாடத்தின் சாரம்.

1. நம் மலையில் ஓடும் ஜீப்புகள்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைச்சாலை, அதன் வேலையைத் தொடங்கிய மேஜர் லா என்பவரின் பெயரால் வழங்குவது. 1916-ஆம் ஆண்டில் மக்கள் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. அதற்கு முன் பெரியகுளம் பக்கத்திலிருந்து நடந்தும் குதிரையிலும் பல்லக்கிலும் மலையேறினர். மோட்டார் வண்டிகள் நகருக்கு வந்த பின்னும் உள்ளூர்த் தோட்டப் பாதைகள் அவற்றுக்கு எட்டாமலே இருந்தன. அந்த இடைவெளியை நிரப்பியது ஜீப்.

இரண்டாம் உலகப் போரில் பெயர் பெற்ற வில்லிஸ் ஜீப்பை நம் நாட்டில் இணைத்து விற்கும் வேலை 1947-இல் பம்பாயில் தொடங்கியது. 1945-இல் மஹிந்திரா அண்டு முகம்மது என்ற பெயரில் நிறுவப்பட்டு, 1948-இல் மஹிந்திரா அண்டு மஹிந்திரா எனப் பெயர் மாறிய கம்பெனியே அதனைச் செய்தது. உயர்ந்த முன்மூக்குள்ள சி.ஜே. 3பி என்னும் வகை அமெரிக்காவில் 1968-உடன் நின்றுவிட்டது. இந்தியாவிலோ அதன் வழிவந்த வண்டிகள் அதற்குப் பின்னும் பல்லாண்டுகள் தயாராயின. நம் மலைகளில் இன்றும் அவற்றைக் காணலாம்.

இவற்றில் நாம் காணும் எஞ்சின்கள் பெரும்பாலும் மூன்று குடும்பத்தைச் சேர்ந்தவை. முதலாவது, 'ஹரிக்கேன்' எனப்பட்ட நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். இதில் காற்று புகும் வால்வு தலையிலும் புகை போகும் வால்வு பிளாக்கின் பக்கவாட்டிலும் இருக்கும். கொள்ளளவு சுமார் 2,200 கன சென்டிமீட்டர். சக்தி ஏறக்குறைய 72 குதிரைத் திறன். இரண்டாவது, டிராக்டர் வழிவந்த டீசல் எஞ்சின். மூன்றாவது, பிரான்ஸ் நாட்டுப் பெஜோ கம்பெனியின் உரிமத்தின் பேரில் இங்கே செய்யப்பட்ட 2,112 கன சென்டிமீட்டர் டீசல் எஞ்சின், எம்.எம். 540 வண்டிகளில் வந்தது இதுவே. பழைய பெட்ரோல் வண்டியின் சொந்தக்காரர், பின்னிரண்டில் ஒன்றைப் பொருத்தலாமா என்று கேட்பதே நம் மலையில் வழக்கமான கேள்வி.

2. உயரம் செய்யும் வேலை

எஞ்சினைக் குறை சொல்லுமுன் மலையின் பங்கு இன்னதென அறிதல் அவசியம். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அவ்வளவு உயரத்தில் காற்று மெலிந்துவிடுகிறது. டர்போ என்னும் காற்றழுத்தும் கருவி இல்லாத எஞ்சின், 300 மீட்டர் ஏறும்தோறும் ஏறக்குறைய நூற்றுக்கு 3 பங்கு சக்தியை இழக்கும். கணக்கிட்டால் கொடைக்கானலில் இழப்பு ஐந்தில் ஒரு பங்காகும். 72 குதிரைத் திறன் 57 அளவில் வந்து நிற்கும். இது நோயன்று, இயற்கை. டர்போ இல்லாத புதிய எஞ்சினைப் பொருத்தினாலும் அதுவும் அதே பங்கை இழக்கும்.

இரண்டாவது, புகை. வத்தலக்குண்டிலோ மதுரையிலோ கார்புரேட்டரைச் சரிசெய்து கொண்டு வந்த வண்டி, மேலே வந்ததும் கரும்புகை விடுவதுண்டு. காற்றுக் குறைந்தும் பெட்ரோல் குறையாமல் வருவதே காரணம். ஜெட்டைச் சிறிதாக்கினால் தீரும் குறை இது. மார்கழி, தை மாதக் காலை வேளையில் வண்டியைக் கிளப்பும்போது வரும் வெண்மையான ஆவியும் சில நிமிடங்களில் நின்றுவிடுமானால் அஞ்ச வேண்டுவதில்லை. எஞ்சின் சூடேறிய பின்னும் வெண்புகை நிற்காமல், ரேடியேட்டர் நீரும் குறைந்துகொண்டே வருமானால் ஹெட் கேஸ்கட்டையோ வெடிப்பையோ சந்தேகிக்க வேண்டும். நீலப்புகை ஆயில் எரிவதைக் காட்டும்.

மூன்றாவது, கொதிப்பு. தண்ணீர் சமவெளியில் 100 பாகையில் கொதிக்கும். கொடைக்கானலில் சுமார் 93 பாகையிலேயே கொதித்துவிடும். அழுத்தம் தாங்காத ரேடியேட்டர் மூடி, அடைத்துக்கொண்ட ரேடியேட்டர் குழாய்கள், தளர்ந்த விசிறி பெல்ட் ஆகியவை இருந்தால், நல்ல எஞ்சினும் பெருமாள்மலை ஏறுமுன் கொதிக்கும். இக்குறைகளைத் தீர்க்க ஆகும் செலவு எஞ்சின் மாற்றும் செலவில் ஒரு சிறு பகுதியே.

3. அளந்து பார்த்தல்

வைத்தியர் நாடி பார்க்காமல் அறுவைக்கு நாள் குறிப்பதில்லை. எஞ்சினுக்கும் நாடி உண்டு. முதலில், வண்டியைப் பிரிக்காமலே கீழ்க்கண்ட நான்கையும் பார்த்துத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

முதலாவது, கம்ப்ரெஷன். எஞ்சினைச் சூடாக்கி, எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றி, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் மீட்டரில் குறிக்க வேண்டும். ஹரிக்கேன் எஞ்சினில் சதுர அங்குலத்துக்கு 120 முதல் 130 பவுண்டு வரை இருப்பது நன்று. ஆனால் இது சமவெளி அளவு என்பதை மறக்கலாகாது. மீட்டர் காட்டும் அளவு வெளிக்காற்றின் அழுத்தத்தோடு சேர்ந்து குறையும். கீழே 125 காட்டும் அதே நல்ல எஞ்சின் கொடைக்கானலில் 97 அளவே காட்டும். இதை அறியாதவர், குறையற்ற எஞ்சினையும் கழித்துவிடக்கூடும். ஆகையால் மொத்த அளவை விடச் சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டையே முதலில் கவனிக்க வேண்டும். நான்கும் 10 பவுண்டு வித்தியாசத்துக்குள் அடங்கினால் நலம். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால், அந்தப் பெட்ரோல் சிலிண்டருக்குள் ஒரு கரண்டி ஆயில் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்துள்ளன. ஏறாவிட்டால் வால்வு சரியாக அமரவில்லை. அடுத்தடுத்த இரு சிலிண்டர்கள் சேர்ந்து தாழ்ந்திருந்தால் அவற்றின் நடுவே ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம்.

இரண்டாவது, ஆயில் பிரஷர். எஞ்சின் நன்கு சூடேறிய பின், ஓடும் வேகத்தில் இது சதுர அங்குலத்துக்கு 35 பவுண்டு அளவில் நிற்க வேண்டும். டாஷ்போர்டில் உள்ள பழைய மீட்டரை நம்பாமல், பட்டறையின் மீட்டரைப் பொருத்திப் பார்ப்பது நலம். அழுத்தம் மிகத் தாழ்ந்து, அடியில் 'டொக் டொக்' என்ற கனத்த ஓசையும் கேட்டால், கிராங்க் பேரிங்குகள் தேய்ந்துள்ளன என்று கொள்ளலாம். அந்நிலையில் வண்டியை மேலும் ஓட்டினால் கிராங்க் ஷாஃப்டே கெட்டுவிடும். பேரிங்கோடு முடிய வேண்டிய செலவு பல மடங்காகும்.

மூன்றாவது, ஆயில் செலவு. ஆயிரம் கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் ஆயில் சேர்க்கப்படுகிறது என்பதை ஒரு நோட்டில் குறித்துவர வேண்டும். ஒருநாள் பார்த்துச் சொல்வதை விட மூன்று மாதக் குறிப்பு மதிப்புள்ளது.

நான்காவது, ரேடியேட்டரும் ஆயிலும். தண்ணீரில் ஆயில் மிதக்கிறதா, ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்நான்கும் மோசமாக இருந்தால்தான் எஞ்சினைப் பிரிக்க வேண்டும். பிரித்த பின் லேத் பட்டறையில் போர், கிராங்க், ஹெட் ஆகியவற்றை மைக்ரோமீட்டரால் அளந்து எழுதி வாங்க வேண்டும். இவ்வகைப் பெட்ரோல் எஞ்சினுக்கு 0.010, 0.020, 0.030, 0.040 அங்குலம் பெரிய பிஸ்டன்கள் உண்டு. போர் இதுவரை எத்தனை முறை அடிக்கப்பட்டுள்ளது, இன்னும் எத்தனை படி மிச்சம் என்பதே பிளாக்கின் ஆயுள் கணக்கு. கடைசிப் படியும் முடிந்திருந்தால் ஸ்லீவ் அடித்துப் பழைய அளவுக்குக் கொண்டுவரலாம். பிளாக்கிலேயே வெடிப்புக் கண்டாலோ கிராங்க் எல்லை மீறித் தேய்ந்திருந்தாலோதான் அந்த எஞ்சின் கைவிடத்தக்கது. புகை விடுவதும் ஏற்றத்தில் திணறுவதும் கைவிடுவதற்குக் காரணங்கள் ஆகா.

4. நான்கு வழிகள்

அளவுகள் கைக்கு வந்தபின் நம் முன் நான்கு வழிகள் நிற்கின்றன.

முதல் வழி, சில்லறைப் பழுது மட்டும் பார்ப்பது. வால்வு தேய்த்தல், கேஸ்கட் மாற்றல், கார்புரேட்டர் சுத்தம், ரேடியேட்டர் வேலை முதலியன இதில் அடங்கும். பெட்ரோல் வண்டிக்காரர் இங்கு ஒன்றைச் சேர்த்துக் கவனிக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. இப்போது நூற்றுக்கு 20 பங்கு வரை எத்தனால் கலந்த பெட்ரோல் விற்கப்படுகிறது. எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயஃபிரத்தையும் கெடுக்கும். மூடுபனிப் பிரதேசத்தில் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். இவற்றை எத்தனால் தாங்கும் சாமான்களாக மாற்றுவதும், நெடுநாள் வண்டியை நிறுத்துமுன் டாங்கை வடித்துவிடுவதும் நலம். பெட்ரோல் அடைப்பினால் எஞ்சின் இருமுவதைப் பார்த்து எஞ்சினே போய்விட்டது என எண்ணிவிடலாகாது.

இரண்டாம் வழி, முழுச் செப்பனீடு. போர் அடித்து, புதிய பிஸ்டனும் ரிங்கும் போட்டு, கிராங்க் தேய்த்து, பேரிங் மாற்றுவது. பிளாக் நல்லதாகவும் சாமான்கள் கிடைப்பனவாகவும் இருந்தால் இதுவே பெரும்பாலோர்க்கு உகந்தது. வண்டியைப் பிரிக்குமுன்னரே பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கட் நான்கும் கைக்கு வந்துவிட வேண்டும். பிரித்துப் போட்டுவிட்டுச் சாமான் தேடுவது, பாவு ஓட்டிவிட்டு ஊடை நூல் தேடுவது போன்றது.

மூன்றாம் வழி, அதே வகையைச் சேர்ந்த வேறோர் எஞ்சினைப் பொருத்துவது. பழைய மோட்டார் சாமான் கடைகளில் இவை கிடைக்கும். ஆனால் வர்ணம் பூசிய எஞ்சினெல்லாம் செப்பனிட்ட எஞ்சின் ஆகாது. நம் எஞ்சினுக்குச் செய்த அத்தனை சோதனைகளையும் அதற்கும் செய்து, விலைச்சீட்டும் அது எந்த வண்டியினின்று வந்தது என்பதற்கான ஆதாரமும் பெற்ற பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.

நான்காம் வழி, வேறு வகை எஞ்சினைப் பொருத்துவது. பெரும்பாலும் பெட்ரோலை நீக்கி டீசலைப் பொருத்துதல் இது. எரிபொருள் செலவில் இதனால் மிச்சம் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் எஞ்சின் தனியாக வருவதில்லை. தன் சுற்றத்தையும் அழைத்துக்கொண்டு வருகிறது.

5. எஞ்சினோடு வரும் சுற்றம்

டீசல் எஞ்சின்களில் பல பெட்ரோல் எஞ்சினை விடக் கனமானவை. முன் பட்டை வில்கள் தாழும், ஸ்டியரிங் கனக்கும். எஞ்சின் தாங்கிகள், கிளச், கியர் பெட்டியோடு சேர்க்கும் தட்டு, ரேடியேட்டர், சைலன்சர், டீசல் டாங்க்கின் குழாய்கள், பாட்டரி ஆகியவை ஒவ்வொன்றாகச் செலவுப் பட்டியலில் சேரும். பிரேக்குக்கு வாக்கும் பூஸ்டர் உள்ள பெட்ரோல் வண்டியானால், எஞ்சினின் உறிஞ்சலால் அது இயங்கும். டீசலுக்கு மாற்றும்போது அதற்கெனத் தனி வாக்கும் பம்ப் வேண்டும். மலையிறங்கும் வண்டியில் இதை மறந்தவர் உயிரோடு விளையாடுகிறார். எஞ்சின் மாறினால் இறக்கத்தில் கியரில் நிற்கும் பிடிப்பும் மாறும். பாரம் ஏற்றுமுன் வெறும் வண்டியை இறக்கிப் பார்த்துப் பழக வேண்டும்.

கியர் விகிதமும் கவனிக்கத்தக்கது. வில்லிஸ் வழி ஜீப்பில் முதல் கியரின் விகிதம் 2.80, தாழ்நிலைக் கியர் 2.46, ஆக்ஸில் 5.38. மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 37 வரும். அதாவது எஞ்சின் 37 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். சேற்றுப் பாதையில் மெல்ல ஏறும்போது வண்டியை இழுப்பது எஞ்சினின் குதிரைத் திறனை விட இந்தப் பெருக்கமே. ஆகவே தோட்டப் பாதைக்காகப் பெரிய எஞ்சின் வேண்டும் என்பது பெரும்பாலும் தவறான எண்ணம். மாறாக, அதிகபட்சம் நிமிடத்துக்கு 3,200 சுற்று மட்டும் சுற்றும் டீசல் எஞ்சினை அதே ஆக்ஸிலோடு சேர்த்தால், மேல் கியரில் முழு வேகமும் மணிக்கு 80 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். மலைக்குள்ளேயே ஓடுபவருக்கு இது குறையன்று; அடிக்கடி மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் போகிறவர் யோசிக்க வேண்டும்.

6. கணக்குப் போடும் முறை

இனிக் கணக்கு. கீழ்க்கண்ட தொகைகள் முறையை விளக்குவதற்காக நாம் வைத்துக்கொண்டவை; அங்கத்தினர் தம் பட்டறையில் எழுதி வாங்கிய தொகைகளை இவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ள வேண்டும்.

பெட்ரோல் எஞ்சினை முழுதும் செப்பனிட 90,000 ரூபாய். டீசல் எஞ்சின் மாற்றிச் சுற்றமெல்லாம் சேர்த்து 2,40,000 ரூபாய் என்க. வித்தியாசம் 1,50,000 ரூபாய். பெட்ரோலில் லிட்டருக்கு 8 கிலோமீட்டரும் டீசலில் 12 கிலோமீட்டரும் ஓடுவதாகவும், விலை முறையே 100, 92 ரூபாய் எனவும், கடன் வட்டி நூற்றுக்கு 10 எனவும் கொள்வோம்.

முதல் அங்கத்தினர் தம் தோட்டச் சாமான்களை மட்டும் ஏற்றி ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார். பெட்ரோல் 750 லிட்டர், 75,000 ரூபாய். டீசல் 500 லிட்டர், 46,000 ரூபாய். ஆண்டு மிச்சம் 29,000 ரூபாய். வட்டி முதல் ஆண்டில் மட்டும் 15,000 ரூபாய். மிச்சம் முழுவதையும் தவணையாகவே கட்டினாலும், கூடுதலாக வாங்கிய அந்த ஒன்றரை லட்சம் தீர ஏழரை ஆண்டுக்கு மேலாகும்.

இரண்டாம் அங்கத்தினர் பக்கத்துத் தோட்டக்காரர்களின் விளைச்சலையும் சேர்த்துக் கொண்டுபோய் ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார். பெட்ரோல் 1,875 லிட்டர், 1,87,500 ரூபாய்; டீசல் 1,250 லிட்டர், 1,15,000 ரூபாய். ஆண்டு மிச்சம் 72,500 ரூபாய். அவருக்குக் கடன் இரண்டரை ஆண்டுக்குள் தீர்ந்துவிடுகிறது.

வண்டி ஒன்றே, எஞ்சின் ஒன்றே, தேய்மானமும் ஒன்றே. ஆயினும் முதல்வருக்குச் செப்பனீடும், இரண்டாமவருக்கு மாற்றமும் தக்கனவாகின்றன. ஆகவே, "அவர் மாற்றினார், நானும் மாற்றுவேன்" என்பது கணக்காகாது. வேலை நிற்கும் நாட்களையும் சேர்த்தெண்ண வேண்டும். பூண்டு பிடுங்கும் பருவத்தில் ஒரு மாதம் வண்டி நின்றால், வாடகை வண்டிக்குக் கொடுக்கும் தொகையும் செலவே. எந்த வேலையாயினும் பருவம் ஓய்ந்த நாட்களில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

7. சட்டம் சொல்வது

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்த கம்பெனி முதலில் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019-ஆம் ஆண்டு ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதனை உறுதிப்படுத்தியது. எஞ்சின் எண்ணும் எரிபொருள் வகையும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ளவை. ஆகையால் எஞ்சின் வாங்குமுன், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, அனுமதி உண்டா, எவ்வகை எஞ்சினுக்கு உண்டு என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வாங்கிப் பொருத்திவிட்டு அனுமதி கேட்பது தலைகீழ் முறை. ஆர்.சி. புத்தகத்தில் ஓர் எண்ணும் பிளாக்கில் வேறோர் எண்ணும் இருந்தால், விபத்து நேர்ந்தபோது இன்ஷ்யூரன்ஸ் பணம் கேட்பதில் சிக்கல் எழும். வண்டியை விற்பதும் கடினமாகும்.

அறுபது, எழுபதுகளில் வாங்கிய வண்டியை வைத்திருப்போர் மற்றொன்றும் அறிய வேண்டும். முதற்பதிவாகி 50 ஆண்டு கடந்து, சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாற்றமின்றி மூல வடிவில் காக்கப்பட்ட வண்டிகளை 'விண்டேஜ்' எனப் பதிவு செய்ய 2021-ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய அரசு விதி வகுத்தது. அப்பதிவு பெற்ற வண்டியை அன்றாட வேலைக்கோ வாடகைக்கோ ஓட்டக்கூடாது. ஆகவே இந்த வண்டி அருங்காட்சிப் பொருளா, தொழிற்கருவியா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். அருமைப் பொருளாயின் மூல எஞ்சினைக் காப்பதே அதன் மதிப்பு. தொழிற்கருவியாயினும், கழற்றிய மூல எஞ்சினைப் பழைய இரும்புக்குப் போடாமல் ஆயில் தடவி மூடி வைப்பது நன்று. பின்னொரு நாள் அதன் அருமை தெரியும்.

8. சங்கத்தின் பங்கு

கடன் மனுவோடு மூன்று தாள்களைக் கேட்டு வாங்குவது நிர்வாகக் குழுவின் கடமை: பட்டறை அளந்து கையொப்பமிட்ட அளவுத் தாள், இரண்டு பட்டறைகளின் செலவு மதிப்பீடு, அங்கத்தினர் எழுதிய ஓட்டக் கணக்கு. வேறு வகை எஞ்சினாயின் போக்குவரத்து அலுவலகத்தின் பதிலும் வேண்டும். இவற்றைக் கேட்பது அங்கத்தினரைச் சந்தேகிப்பதாகாது. கடன் பணம் எல்லா அங்கத்தினருடைய சேமிப்பும் பங்குமாகும். வேண்டாத எஞ்சினுக்குக் கொடுத்த கடன், வேண்டிய விதைக்கோ நூலுக்கோ கொடுக்க முடியாமற் போன கடனாகும். தவணை தவறினால் அந்தக் குடும்பத்தின் நகையும் நிம்மதியும் உடன் போகும்.

அளவெடுக்கும் செலவு சிறியது. ஐந்தாறு ஜீப் உடைய அங்கத்தினர்கள் கூடி ஒரு நல்ல கம்ப்ரெஷன் மீட்டரும் ஓர் ஆயில் பிரஷர் மீட்டரும் வாங்கிச் சங்கத்தில் வைத்தால், ஆண்டுக்கொருமுறை எல்லா வண்டிகளுக்கும் நாடி பார்த்துவிடலாம். கூட்டுறவு என்பது கடனோடு முடிவதன்று. கருவியையும் அறிவையும் பகிர்ந்துகொள்வதும் அதுவே.

நெசவாள அங்கத்தினர்கள் இப்பாடம் தங்களுக்கு அன்று என எண்ண வேண்டாம். அச்சுப் பல் தேய்ந்ததற்காகத் தறியையே விறகாக்குவார் எவருமில்லை. ஆனால் தறிச் சட்டமே வளைந்த பின் புது அச்சை மாற்றி மாற்றிப் போடுவதும் வீணே. டாபிப் பெட்டியாயினும், பாவு ஓட்டும் யந்திரமாயினும், கிணற்றுப் பம்புசெட்டாயினும் வழி ஒன்றுதான்: முதலில் அள, பிறகு வேலையை எண்ணு, அதன்பின் கணக்குப் போடு, கடைசியில் கடன் கேள். இவ்வரிசை மாறாமல் எடுத்த முடிவு, வைத்துக்கொள்வதாயினும் மாற்றுவதாயினும், நல்ல முடிவாகவே அமையும்.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க வேண்டிய வினாக்கள்

1. வத்தலக்குண்டில் அளந்த கம்ப்ரெஷனும் கொடைக்கானலில் அளந்த கம்ப்ரெஷனும் ஏன் வேறுபடும்? உங்கள் ஊரின் உயரத்தில் எதை முக்கியமாகக் கவனிப்பீர்கள்?

2. கரும்புகை, நீலப்புகை, வெண்புகை ஆகிய மூன்றும் எவற்றைக் காட்டும்? இவற்றில் எஞ்சின் மாற்றாமலே தீர்க்கத்தக்கது எது?

3. உங்கள் வண்டி சென்ற ஆண்டு எத்தனை கிலோமீட்டர் ஓடியது? ஆறாம் பகுதியின் முறைப்படி உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

4. டீசல் எஞ்சின் பொருத்தும் செலவில் எஞ்சின் விலை தவிர வேறு என்னென்ன சேரும்?

5. அளவுத் தாள் இல்லாத கடன் மனுவை நிர்வாகக் குழு என்ன செய்ய வேண்டும்?

6. உங்கள் சங்கத்தில் பொதுவாக வாங்கி வைக்கத்தக்க சோதனைக் கருவிகள் எவை? அவற்றை யார் பொறுப்பில் வைக்கலாம்?